வண்டிக்கு ஓய்வு, நாற்பது நிமிடம்

அத்தியாயம் பதினேழு

எட்டு மாதம் துணி போர்த்திக் கிடந்த காரின் சாவியை அண்ணன் கையில் எடுத்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். இப்போது அந்தக் கார் எழுபத்திரண்டாவது கிலோமீட்டரில், ஒரு பெட்ரோல் பங்கின் ஓரமாக நிற்கிறது. நேரம் காலை ஏழு பத்து.

ஓட்டி வந்தவன் அண்ணன், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். அவன் பக்கத்தில் தங்கை. பெரிய ஆஸ்பத்திரியில் இதய வார்டு நர்ஸ். வீட்டுக்கு மட்டும் இன்னும் குட்டி. பின் சீட்டில் அம்மா. பத்தொன்பது வருஷமாக முன் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அம்மா, இன்று விடிகாலையில் தானாகவே பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டுகிற இடத்தில் அப்பா இல்லாதபோது பக்கத்து இடம் எதற்கு என்று நினைத்திருப்பாள் என, தங்கை தன் பாட்டுக்கு ஒரு காரணம் வைத்துக்கொண்டாள்.

போகிற இடம், பழைய கார் வைத்திருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். மொத்தம் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். சங்கத்தில் ஒரு விதி மட்டும் ரொம்பக் கறார். வண்டி தன் சக்கரத்தில் உருண்டு வர வேண்டும். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தால், தங்கத்தில் செய்த வண்டியாக இருந்தாலும் வாசலோடு சரி. அப்படி விடாமல் இருபது வருஷம் வந்த வண்டிக்குக் கேடயம். அப்பா பத்தொன்பது முறை ஓட்டியிருந்தார். வீட்டில் யார் ஓட்டினாலும் இருபதாவது வருஷம் செல்லும் என்று செயலாளர் கடிதம் போட்டிருந்தார். மாலை நாலு மணிக்கு வாசல் அடைக்கப்படும் என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

"குட்டி, எழுதிட்டியா?" பெட்ரோல் மூடியைத் திருகிக்கொண்டே அண்ணன் கேட்டான்.

"எழுதிட்டேன். எழுபத்திரண்டு. ஏழு பத்து. பெட்ரோல். எட்டு நிமிஷம்."

"தண்ணி?"

"அதான் ஊத்தலையே."

"ஊத்தலைன்னா 'இல்லை'ன்னு போடு. காலியா விட்டா அப்பா எழுந்து வந்துடுவாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. மூடியை இன்னும் ஒரு சுற்று திருகினான். அது ஏற்கெனவே இறுகியிருந்தது.

"வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அப்பா வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் மழை அளவு எழுதியவர். தினமும் காலை எட்டரைக்கு அளவுக் குடுவையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். சொட்டு மழை இல்லாத நாளில் 'இல்லை' என்று எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் எழுதுகிறவன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தை அப்படியே காருக்கும் கொண்டுவந்துவிட்டார். சங்கம் கேட்பது ஒரு பயணப் புத்தகம். கிலோமீட்டர், நேரம், நின்ற காரணம், நின்ற நிமிடம், ஊற்றிய தண்ணீர் என்று ஐந்து கட்டம். அப்பாவின் புத்தகத்தில் பத்தொன்பது வருஷமாக ஒரு கட்டம்கூடக் காலி கிடையாது. எழுத்து ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி நிற்கும்.

வண்டி கிளம்பியது. அண்ணனின் கண் சாலையில் பாதி, வெப்பம் காட்டும் முள்ளில் பாதியாக இருந்தது.

அவன் கேடயத்துக்காக இந்த வண்டியை எடுக்கவில்லை. அது மற்ற இருவருக்கும் தெரியும்.

மூன்று வருஷமாக இந்தக் கார் சூடாகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். முதல் வருஷம் அண்ணன் ஹோஸ் எல்லாம் மாற்றினான். இரண்டாவது வருஷம் ரேடியேட்டரையே கழற்றி அடைப்பு எடுத்தான். போன வருஷம் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், விசிறி பெல்ட் எல்லாம் புதுசு. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் முள் நடுவில் நின்றது நின்றபடி நிற்கும். அப்பா எடுத்துப் போனால் மட்டும் சூடாகும். சங்கத்தில் இதற்கு 'வெந்நீர் வண்டி' என்று பேரே வைத்துவிட்டார்கள். மெக்கானிக்கின் அப்பா வண்டிக்கு இந்தப் பேர் வந்தால் மெக்கானிக் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வான்?

கடைசியில் ஒருநாள் அப்பா வண்டியைச் சோதித்துப் பார்க்க எடுத்துப் போனவர், ஒரு மணி நேரம் தாமதமாகத் திரும்பி வந்தார். ஒர்க்‌ஷாப்பில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே, "இன்னும் சூடாகுதுடா. உனக்குக் கை வரலை, விட்டுடு" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நின்றது அண்ணனின் பேச்சு. ஐந்து வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆறாவது வாரம் வந்தபோது, பேசுவதற்கு அப்பா இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, துணியை விலக்கி, பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பான். எதையாவது கழற்றுவான், மாட்டுவான். கண்டுபிடிக்க முடியாத அந்தக் கோளாறை இன்று கண்டுபிடித்துவிட்டானா இல்லையா என்பது மலை ஏற்றத்தில் தெரிந்துவிடும். அப்பாவுக்கு அவன் சொல்ல வேண்டிய பதில் அது ஒன்றுதான் மிச்சம்.

மலை அடிவாரம் வரைக்கும் நேர் சாலை. தங்கைக்கு வேலை எதுவும் இல்லை. காரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கதவை அறைந்து சாத்தக்கூடாது என்பதுதான். புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டினாள்.

பதினேழாம் வருஷம். '188. வண்டி சூடு. ஓய்வு 10 நிமிடம். தண்ணீர்: இல்லை.'

பதினெட்டாம் வருஷம். '188. வண்டி சூடு. ஓய்வு 20 நிமிடம். தண்ணீர்: இல்லை.'

பத்தொன்பதாம் வருஷம். '188. வண்டி சூடு. ஓய்வு 40 நிமிடம். தண்ணீர்: இல்லை.' அதே வருஷம் திரும்பி வரும்போது இன்னொன்று. 'மலை இறக்கம். வண்டி சூடு. ஓய்வு 25 நிமிடம். தண்ணீர்: இல்லை.'

சூடான வண்டிக்குத் தண்ணீர் ஊற்றாமல் வேறு எதை ஊற்றினார்? அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. அண்ணனைக் கேட்கலாம் என்று திரும்பினாள். அதற்குள் ஏற்றம் தொடங்கிவிட்டது.

ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். அந்தக் காலத்து ஸ்டீயரிங், லேசில் திரும்பாது. அண்ணன் சீட்டிலிருந்து பாதி எழுந்து, இரண்டு கையாலும் சக்கரத்தைக் கட்டி இழுத்தான். தோள் புடைத்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. இத்தனைக்கும் அவன் நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிற நாற்பது வயது ஆள். நாலாவது வளைவில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்பாவுக்கு அறுபத்தேழு.

அந்த எண் மனசுக்குள் வந்ததும் புத்தகம் அவள் மடியில் கனத்தது. வார்டில் தினமும் பத்து பேரிடம் அவள் கேட்கிற கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வலி எப்ப வருது? படி ஏறும்போதா, பளு தூக்கும்போதா? உட்கார்ந்தா எத்தனை நிமிஷத்துல விடுது? முன்னைக்கு இப்ப கூடியிருக்கா? சும்மா இருக்கும்போதும் வருதா?

பத்து நிமிஷம். இருபது. நாற்பது. பிறகு இறக்கத்திலும்.

சூடானது வண்டி இல்லை.

"குட்டி! குட்டி, முள்ளைப் பாரு!" அண்ணன் கத்தினான். கடைசி வளைவு முடிந்து வண்டி உச்சியில் ஏறியிருந்தது. "அசையலை பாத்தியா? நடுவுல நிக்குது! ஒன்பது வளைவு, ஒரு இம்மி அசையலை!" உள்ளங்கையால் ஸ்டீயரிங்கை ஓங்கித் தட்டினான். எட்டு மாதமாக அந்த முகத்தில் பார்க்காத சிரிப்பு. "எழுது. சூடு இல்லைன்னு கொட்டை எழுத்துல எழுது."

"இங்க நிறுத்துடா" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"எதுக்கும்மா? வண்டிதான் ஜம்முனு இருக்கே."

"நிறுத்துன்னா நிறுத்து."

கைப்பிடிச் சுவர் ஓரமாக நிறுத்தினான். மீட்டர் நூற்றியெண்பத்தெட்டைக் காட்டியது. அவன் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து, பிறந்த குழந்தையைத் தொடுகிற மாதிரி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான்.

அதற்குள் வெளிர் பச்சை நிறத்தில் இன்னொரு பழைய கார் உச்சியேறி வந்து பக்கத்தில் நின்றது. உள்ளே, வெயிலானாலும் மழையானாலும் கோட்டைக் கழற்றாத சங்கத்து ஆள். எல்லோருக்கும் அவர் கோட்டு மாமா.

"என்னப்பா, வெந்நீர் ரெடியா? குளிக்கலாமா?"

"இந்த வருஷம் பச்சைத் தண்ணிதான் மாமா. வந்து தொட்டுப் பாருங்க!"

கோட்டு மாமா இறங்கி வந்து நிஜமாகவே தொட்டுப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. "உங்கப்பா இதே இடத்துல போன வருஷம் கிளம்பும்போது எங்கிட்ட சொன்னாரு. இது வண்டியோட கோளாறு, என் பையன் கையில ஒரு குறையும் இல்லைன்னு. நான்தான் கிண்டல் பண்ணிட்டுப் போயிட்டேன்."

"அப்படியா சொன்னாரு?" அண்ணன் கேட்டான். "மாமா, நிஜமா அப்படியா சொன்னாரு?"

அதற்கு மேல் தங்கையால் நிற்க முடியவில்லை. அம்மாவின் முழங்கையைப் பிடித்துச் சுவரின் மறு கோடிக்கு அழைத்துப் போனாள்.

"அம்மா, அப்பாவுக்கு நெஞ்சு வலி இருந்துச்சா?"

அம்மா பள்ளத்தாக்கைப் பார்த்தாள்.

"சொல்லும்மா."

"ஒன்பதாவது வளைவு முடிஞ்சதும் வரும். பின்னாடி சீட்டுல படுத்துக்குவாரு, முழங்காலை மடக்கிக்கிட்டு. மாத்திரையை நாக்குக்கு அடியில வைப்பாரு. பொத்தான் டப்பாவுல ஒளிச்சு வச்சிருந்தாரு." அம்மா விரல்களைக் கோத்துக்கொண்டாள். "நான் போய் பானெட்டைத் தூக்கி வைப்பேன். தண்ணி கேனை எடுத்து கையில வச்சுக்கிட்டு நிப்பேன். போற வர்ற சங்கத்து வண்டிக்காரங்க எல்லாம் சூடாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. பானெட்டைத் தூக்குறதுதான் மூணு வருஷமா என் வேலை."

"என்கிட்ட ஏன்மா சொல்லலை? நான் எந்த வார்டுல இருக்கேன்? தினம் இதே வேலையாத்தானே இருக்கேன்!"

"நீதான் சொன்னியே."

"நான் என்ன சொன்னேன்?"

"சாப்பிடும்போது. வண்டி ஓட்டும்போதே நெஞ்சு வலி வந்த டிரைவர் ஒருத்தரு உன் வார்டுக்கு வந்தாருன்னு சொல்லிட்டு, இந்த வீட்டுல யாராவது நெஞ்சு வலின்னு ஒரு வார்த்தை சொன்னா கார் சாவியைக் கிணத்துல போட்டுடுவேன்னியே. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னே. அவரும் சிரிச்சாரு." அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இருபது வருஷம் முடிச்சுட்டு நானே அவகிட்ட சாவியைக் குடுத்துடுறேன்னாரு. ஒரு வருஷம்தானேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

தங்கைக்கு அந்தச் சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது. அப்பா குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டே மென்றது ஞாபகம் வந்தது. வார்டில் முன்பின் தெரியாத ஆட்களின் முகத்தைப் பார்த்தே வலியைக் கண்டுபிடிக்கிறவள். எதிரில் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"அது சரி, அண்ணனை ஏம்மா? அப்பாவோட வலியை எல்லாம் கொண்டுபோய் அவன் கையில கட்டிட்டீங்களே!"

"முதல் தடவை ஏன் லேட்டுன்னு கேட்டான். வண்டி சூடாயிடுச்சுன்னு அவர் வாய்ல வந்துடுச்சு. இவன் அன்னிக்கே கழட்ட ஆரம்பிச்சுட்டான். அதுக்கப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றது? அன்னிக்கு ஒர்க்‌ஷாப்புல அவ்வளவு பேர் எதிர்ல, நிக்கக்கூட முடியாம வந்து நின்னாரு. இவன் மறுபடி கழட்டுறேன்னு ஸ்பேனரை எடுத்தான். விட்டுடுன்னு சொல்லணும்னு நினைச்சு என்னமோ சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்து, என்னடி இப்படிச் சொல்லிட்டேன்னு குழந்தை மாதிரி அழுதாரு."

"போய்ச் சொல்லியிருக்கலாமே!"

"நாளைக்கு, நாளைக்குன்னாரு."

சுவரின் அந்தக் கோடியிலிருந்து அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது. கோட்டு மாமா எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அவன்கிட்ட சொல்லாதே" என்றாள் அம்மா. "எட்டு மாசம் கழிச்சு சிரிக்கிறான். ஒரு நாளாவது சிரிக்கட்டும்."

"சாயங்காலம் மேடையில புத்தகத்தைப் படிப்பாங்கம்மா. இருபது வருஷ வண்டிக்குப் படிக்கிறது வழக்கமாச்சே."

"தூரத்தைத்தான் படிப்பாங்க. தண்ணியை எல்லாம் யாரு படிக்கப் போறா?"

அப்பாவும் இப்படித்தான் நினைத்திருப்பார். காரணக் கட்டத்தில் பொய் எழுத அவரால் முடிந்திருக்கிறது. தண்ணீர்க் கட்டத்தில் முடியவில்லை. முப்பத்தொரு வருஷம் சொட்டு சொட்டாக அளந்த கை, ஊற்றாத தண்ணீரை எழுத மறுத்துவிட்டது.

கோட்டு மாமா டீ குடித்துவிட்டு வருவதாக உச்சிக் கடையிலேயே தங்கிவிட, வண்டி முதலில் கிளம்பியது. அம்மா மறுபடியும் பின் சீட்டில் ஏறினாள். உட்காரும் முன் சீட்டை ஒரு முறை கையால் தடவிவிட்டாள். பின் சீட்டு ஏன் என்பது தங்கைக்கு இப்போது புரிந்தது.

இறக்கம் முடிந்து சமவெளி வந்தது. அண்ணன் விசிலடித்துக்கொண்டு ஓட்டினான்.

"இது வண்டியோட கோளாறு, என் பையன் கையில ஒரு குறையும் இல்லை. அப்படின்னாராம். கேட்டியா குட்டி?"

"கேட்டேன்."

"நேர்ல சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் அந்த மனுஷனுக்கு? சரி, விடு. ஆமா, போன வருஷம் உச்சியில எத்தனை லிட்டர் ஊத்தியிருக்காரு? பார்த்துச் சொல்லு. மேடையில கூப்பிட்டா சொல்லணும். போன வருஷம் இத்தனை, இந்த வருஷம் சொட்டுக்கூட இல்லைன்னு."

தங்கை புத்தகத்தைத் திறந்தாள். கண்ணாடியில் அம்மாவின் கண்கள் தெரிந்தன.

"பத்து லிட்டர்" என்றாள். எண் பெரிதாக இருந்தால் அவன் சந்தோஷமும் பெரிதாக இருக்கும் என்று நினைத்தாள்.

"பத்தா! அடேயப்பா!"

மறுபடி விசில். ஒரு பாலம் வந்தது, போனது. விசில் பாதியில் நின்றது.

"பத்துன்னா போட்டிருக்கு?"

"ம்."

"இந்த வண்டி மொத்தமே எட்டு லிட்டர்தான் குடிக்கும் குட்டி. அதுவும் சொட்டு இல்லாம காஞ்சு போனாத்தான். அப்படிக் காஞ்சு ஓடியிருந்தா இன்ஜின் அன்னிக்கே போயிருக்கும்."

"எட்டா இருக்கும்ணா. எழுத்து சரியா தெரியலை."

"அப்பா எழுத்தா? அப்பா எழுத்தா தெரியலை?"

அவன் வேகத்தைக் குறைத்தான். ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினான்.

தங்கை புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"கொடுத்துடும்மா" என்றாள் பின்னாலிருந்து அம்மா.

கிரீஸ் ஏறிக் கறுத்த அவன் விரல், கட்டம் கட்டமாகக் கீழே இறங்கியது. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பதில் நின்றது. பிறகு இறக்கத்தில் வந்து நின்றது.

"இறக்கத்துல எப்படி?" என்றான் மெல்ல. "இறக்கத்துல எந்த வண்டியும் சூடாகாதே."

அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். பின் சீட்டைத் தடவியபடி இருந்த அவள் கையைப் பார்த்தான். பிறகு தங்கையை, ஏதோ அவள் வேலை செய்கிற வார்டின் பெயர் நெற்றியில் எழுதியிருப்பது போலப் பார்த்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னிக்குத்தான். ஏற்றத்துல."

"அம்மாவுக்கு?"

"மூணு வருஷமா" என்றாள் அம்மா.

புத்தகத்தை மூடி, பத்திரமாகத் தங்கையின் மடியில் வைத்தான். கதவைத் திறந்து இறங்கி முன்னால் போனான். பானெட்டைத் தூக்கி, கம்பியில் நிறுத்தினான். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. முள் நடுவில்தான் நின்றது. தூக்கிய பானெட்டுக்குப் பின்னால் அவன் தலை மறைந்துகொண்டது. தோள் மட்டும் பக்கவாட்டில் தெரிந்தது. அது குலுங்கியது.

பின்னால் ஹாரன் கேட்டது. வெளிர் பச்சை வண்டி வேகம் குறைத்தது.

"என்னப்பா! இப்பத்தானே பச்சைத் தண்ணின்னே? மறுபடியும் வெந்நீரா?"

பானெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்து, போங்கள் போங்கள் என்று ஆட்டியது.

அம்மா இறங்கினாள். டிக்கியைத் திறந்து தண்ணீர் கேனை எடுத்தாள். மூன்று வருஷமாக நின்ற மாதிரியே, கேனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓரத்தில் வந்து நின்றாள். கோட்டு மாமாவைப் பார்த்துச் சிரித்துத் தலையை அசைத்தாள். பச்சை வண்டி இன்னொரு ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

தங்கை பேனாவைத் திறந்தாள். 211 என்று எழுதினாள். நேரம், பதினொன்று இருபது. சங்கத்து வாசலுக்கு இன்னும் தொண்ணூற்றொன்பது கிலோமீட்டர். வாசல் அடைக்க நாலு மணி.

"அண்ணா" என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "காரணம் என்ன எழுதட்டும்?"

அவள் காத்திருந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று. வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பானெட் தூக்கியது தூக்கியபடியே இருந்தது.

அப்பாவின் புத்தகத்தில் முதல் முறையாக ஒரு கட்டம் காலியாக இருந்தது.